ஐந்தாம் ஜேம்ஸின் பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாமன்களும்

ஸ்காட்லாந்து ராணி மேரியின் கதையைச் சொல்பவர்களில் பலர், அவருடைய அண்ணன் மரே பிரபு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைத் தங்கையின் கிரீடத்துக்கு ஆசைப்பட்ட துரோகியாகவே காட்டுகிறார்கள். மேரியின் தந்தையான மன்னர் ஐந்தாம் ஜேம்ஸுக்குத் திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்தவர் என்பதால், அந்தக் குறை அவரை அரித்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம். எனக்கு இது ஒப்புதலில்லை. மரேயின் பலத்தைத் தந்தை வழியில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி தாய்வீட்டில் இருக்கிறது.

ஐந்தாம் ஜேம்ஸுக்கு இப்படிப் பிறந்த பிள்ளைகள் குறைந்தது ஒன்பது பேர். தாய்மார்கள் எர்ஸ்கின், எல்ஃபின்ஸ்டன், பீட்டன், கார்மைக்கேல் போன்ற குடும்பங்களின் பெண்கள். மகன்களுக்கு மன்னர் தம் கஜானாவைத் திறக்கவில்லை, திருச்சபையின் கஜானாவைத் திறந்தார். முறைகேடான பிறப்பு சமயப் பதவிக்குத் தடை என்ற விதியைத் தளர்த்தப் போப்பிடம் அனுமதி பெற்று, கெல்சோ, மெல்ரோஸ், ஹோலிரூட், கோல்டிங்காம் மடங்களின் வருமானத்தைச் சிறுவர்களின் பெயரில் எழுதிவைத்தார். 1538இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மடம் மரேயின் பெயருக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ ஏழு. பெயர் பிள்ளையுடையது, வரவு மன்னருடையது. பிறகு வந்த சமயச் சீர்திருத்தத்தில் இந்த மடங்கள் அவ்வளவு எளிதாகச் சரிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பேன்.

மரேயின் தாய் மார்கரெட் எர்ஸ்கின், லோக்லெவன் ராபர்ட் டக்ளஸின் மனைவி. அவரை மணவிலக்குப் பெறச் செய்து தாமே மணக்க 1536இல் ஐந்தாம் ஜேம்ஸ் முயன்றார், போப் இசையவில்லை. மறு ஆண்டே மன்னர் பிரான்ஸ் இளவரசி மாடலீனை மணந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1567இல் மேரி சிறைவைக்கப்பட்டது அதே லோக்லெவன் கோட்டையில்; அதன் தலைவர் வில்லியம் டக்ளஸ், மார்கரெட்டின் மகன், அதாவது மரேயின் தாய்வழிச் சகோதரர். மேரியின் மகனான குழந்தை ஆறாம் ஜேம்ஸ் ஸ்டர்லிங் கோட்டையில் வளர்ந்தது மார் பிரபு ஜான் எர்ஸ்கினின் பொறுப்பில். இவர் மரேயின் தாய்மாமன். ராணி ஒரு வீட்டில், வாரிசு இன்னொரு வீட்டில், இரண்டும் உறவுக்காரர் வீடுகள் என்றிருக்க, மரே ராஜப்பிரதிநிதியானதில் வியக்க என்ன இருக்கிறது? பட்டத்துரிமை தமக்கு இல்லை என்பதே, குழந்தை மன்னனின் பெயரால் ஆள அவரைப் பொருத்தமானவராக்கியது என்றும் வாதிடலாம்.

ஆனால் தாய்வீடு என்றால் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1568 மே மாதம் மேரி தப்பிச்செல்ல உதவிய ஜார்ஜ் டக்ளஸும் மார்கரெட்டின் மகன்தான்.

1570 ஜனவரியில் லின்லித்கோ வீதியில் மரே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பகைக் குடும்பமான ஹாமில்டன்களில் ஒருவர். அடுத்து வந்த ராஜப்பிரதிநிதி லெனாக்ஸும் மறு ஆண்டே கொல்லப்பட, அந்தப் பதவியில் வந்து அமர்ந்தவர் தாய்மாமன் மார் பிரபு.