பத்தாம் நம்பர் ஜேர்சி

(கல்லடியில் ஒரு தையல் கடை. 2025 ஓகஸ்ட். கச்சான் காற்று அடிக்கிற அடியில், அளவு எழுதிய துண்டுகளெல்லாம் கத்தரிக்கோலுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கின்றன. தம்பி மான்செஸ்டர் யுனைட்டட் கால்பந்து கிளப்பின் பழைய சிவப்பு ஜேர்சி ஒன்றோடு வருகிறான்.)

தம்பி: அண்ணே, பத்தாம் நம்பர் இருக்கட்டும். பேரை மட்டும் மாத்தணும். 'ரஷ்போர்ட்'டை உரித்துவிட்டு 'குன்யா' என்று போடுங்க.

தையல்காரர்: ரஷ்போர்டுக்கு என்ன நடந்தது?

தம்பி: பார்சிலோனாவுக்கு லோனில் போய்விட்டான்.

தையல்காரர்: ஆளையும் லீசிங்கில் குடுக்கிறாங்களா? தவணை பிந்தினால் வீட்டு வாசலில் வந்து தூக்கிக்கொண்டு போவாங்களோ?

தம்பி: பகிடி விடாதீங்க. யுனைட்டட் இந்த முறை வேற மாதிரி. குன்யாவுக்கு மட்டும் 62.5 மில்லியன் பவுண். போன சீசன் லீக்கில் வூல்வ்ஸ் கிளப்புக்காக 15 கோல் அடித்தவன்.

தையல்காரர்: அந்த வூல்வ்ஸ் லீக்கில் எத்தனையாம் இடம்?

தம்பி: பதினாறு.

தையல்காரர்: நீங்க?

தம்பி: (மெதுவாக) பதினைந்து.

தையல்காரர்: ஓ, பக்கத்து வீட்டுச் சாமான்.

தம்பி: முழுக்கக் கேளுங்க அண்ணே. பிரென்ட்போர்டில் இருந்து எம்பியூமோ. அவன் 20. இரண்டு பேரும் சேர்ந்து 35. எங்கட முழு டீமும் 38 மேட்சில் அடித்தது 44தான்!

தையல்காரர்: (சோக்கால் மேசையில் கூட்டி) 79. கணக்கு சரிதான். நானும் இன்னொரு மெசின் வாங்கினால் தீபாவளிக்கு இரண்டு மடங்கு சட்டை தைக்கலாம். மிதிக்கிற கால் இரண்டுதானே இருக்கு.

தம்பி: மறுகா, லைப்சிக்கில் இருந்து செஸ்கோ. வயசு 22, உயரம் 1.95 மீற்றர்.

தையல்காரர்: துணி கூடப் போகும். கோல் காக்க யார்?

தம்பி: அதே ஒனானாதான்.

தையல்காரர்: அப்ப காசைப் பொக்கற்றில் போட்டாச்சு, ஓட்டையைத் தைக்கவில்லை.

தம்பி: கோச் அமோரிமின் 3-4-3 ஆட்ட அமைப்பு செட்டாக வேணும் அண்ணே. அதுக்குப் பொருந்துகிற ஆள் கிடைத்தால் சரி.

தையல்காரர்: உடம்புக்கு அளவெடுத்துத்தான் நான் சட்டை தைக்கிறேன். அவர் சட்டையைத் தைத்து வைத்துவிட்டு உடம்பு தேடுகிறார்.

தம்பி: அமெரிக்காவில் சமர் சீரிஸ் கப் எடுத்தோம். போர்ண்மத்துக்கு நாலுக்கு ஒன்று!

தையல்காரர்: மே மாதம் கோலாலம்பூரில் ஆசியான் ஆல் ஸ்டார்ஸிடம் வாங்கின அடி?

தம்பி: அது சீசன் முடிந்த களைப்பு.

தையல்காரர்: டொட்டன்ஹாமிடம் ஒரே சீசனில் நாலு தரம் தோற்றது?

தம்பி: அதில் ஒன்று யூரோப்பா லீக் பைனல்! பைனலுக்குப் போனதை ஒருத்தரும் பேசமாட்டீங்க.

(தையல்காரர் சிரித்துக்கொண்டே மெல்லிய துணி ஒன்றை விரித்து, அயன்பொக்ஸை எழுத்தின்மேல் வைத்து எடுக்கிறார். 'ரஷ்போர்ட்' ஓரமாகச் சுருண்டு, பழைய பிளாஸ்டர் மாதிரி இழுபட்டு வருகிறது. குனிந்து பார்க்கிறார்.)

தையல்காரர்: தம்பி, உள்ளே இன்னொருத்தன் இருக்கிறான்.

(பசைத் தழும்பில் மங்கலாக 'ரூனி'.)

தம்பி: அது… உங்கட அப்பா ஒட்டித் தந்தது. 2013. பழைய கோச் பேர்குசன் கடைசியாகப் பிரீமியர் லீக் கப் எடுத்துத் தந்துவிட்டுப் போன வருஷம்.

தையல்காரர்: அப்பாவின் பசை. இது போகாது.

தம்பி: (தழும்பை விரலால் தடவியபடி) போகவேண்டாம். அதுக்கு மேலேயே போடுங்க.

தையல்காரர்: மடிப்பைப் பிரித்துப் பக்கத்தில் இரண்டு அங்குலமும் விடணும். 2013க்குப் பிறகு பிரீமியர் லீக் கப் எண்ணிக்கை வளரவில்லை, வயிறு வளர்ந்திருக்கு.

தம்பி: விடுங்க.

தையல்காரர்: அப்புறம், குன்யாவை ஒட்டவா, தைக்கவா? தைத்தால் உரிக்க ஏலாது. நல்லா யோசித்துச் சொல்லு.

(தம்பி வெளியே பார்க்கிறான். ஒரு முச்சக்கர வண்டி போய் மறையும் வரைக்கும் பார்க்கிறான்.)

தம்பி: 17ஆம் திகதி ராத்திரி ஒன்பது மணிக்கு ஆர்சனலோட முதல் மேட்ச்…

தையல்காரர்: ஓம்?

தம்பி: அது முடியும் வரைக்கும் குண்டூசி குத்தித் தாங்க அண்ணே.