மலை வந்தால் கூப்பிடு என்பவர்களுக்கு

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஜூலை வந்தால் நாங்கள் சேர்ந்துதான் டூர் டி பிரான்ஸ் பார்ப்போம், மூன்று வாரம் தினமும் ஓடும் சைக்கிள் பந்தயம் அது. நம் நேரத்துக்கு இரவு எட்டரை, ஒன்பது மணிவாக்கில் பந்தயம் முடியும் என்பதால் வேலை முடிந்து வந்து உட்கார வசதி. ஆனால் சமதளத்தில் ஓடும் நாள் என்றால் மனிதர் பத்தாவது நிமிடமே சோபாவில் சாய்ந்துவிடுவார். "மலை வந்தா கூப்பிடுப்பா." அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 180 பேர் ஒரே கூட்டமாக நாலு மணி நேரம் வயல்களுக்கு நடுவே போவார்கள், கடைசி 200 மீட்டரில் நாலைந்து பேர் முட்டிமோதி ஓட்டுவார்கள், ஒருவர் ஜெயிப்பார். பெரும்பாலான சமதள நாட்கள் இப்படித்தான்.

2015 ஜூலை 5ஆம் தேதியும் அவர் தூங்கினார். அன்றைக்குத்தான் அந்த வருடத்து டூரின் முடிவு பாதி தெரிந்துவிட்டது என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பதிவு அந்தச் சண்டையின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது இரண்டாம் நாள் பந்தயம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் கிளம்பி, ஸீலாந்து மாகாணத்தின் நேல்ட்யே யான்ஸில் முடிவு, 166 கிலோமீட்டர். வழியில் மலை என்ன, மேடு என்று சொல்லக்கூட ஒன்றும் கிடையாது. நேல்ட்யே யான்ஸ் மனிதர்கள் போட்ட தீவு. 1953இல் வடகடல் பொங்கி உள்ளே வந்து நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு கட்டிய தடுப்புகளில் பெரியது ஓஸ்டர்ஸ்கெல்ட், சுமார் 9 கிலோமீட்டர் நீளம், 1986இல் திறந்தார்கள். அதைக் கட்டுவதற்காகப் போட்ட தீவில்தான் அன்றைய முடிவுக்கோடு. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் சாலை. காற்றை மறிக்க மரமும் இல்லை, வீடும் இல்லை.

கடலை நோக்கிப் போகப்போக மழையும் காற்றும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. கூட்டம் முதலில் கயிறு மாதிரி நீண்டது, அப்புறம் அங்கங்கே அறுந்தது. முன்னால் இருபத்துச் சொச்சம் பேர் தப்பித்துப் போனார்கள். பட்டத்துக்குப் போட்டியிட்டவர்களில் கிறிஸ் ஃப்ரூம் அதில் இருந்தார், அல்பெர்டோ கோன்டாடோர் இருந்தார். மலையேற்றக்காரர் நைரோ கின்டானா இல்லை. முந்தைய வருடத்துச் சாம்பியன் வின்சென்சோ நிபாலியும் இல்லை. முந்தைய நாள் மஞ்சள் சட்டை, அதாவது முதலிடத்தில் இருப்பவருக்கான சட்டை, வாங்கிய ரோஹன் டென்னிஸ்கூடப் பின்னால் மாட்டிக்கொண்டார். கோட்டைத் தாண்டும்போது இடைவெளி 1 நிமிடம் 28 விநாடி.

மூன்று வாரம் கழித்து, எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது, பாரிஸில் ஃப்ரூம் கின்டானாவை ஜெயித்தது 1 நிமிடம் 12 விநாடியில்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆல்ப் துவெஸ் மலையில் கடைசிக்கு முந்தைய நாள் கின்டானா உயிரைக் கொடுத்து ஏறினார், ஃப்ரூம் பின்னால் திணறிக்கொண்டே வந்தார், 1 நிமிடம் 20 விநாடியைக் கின்டானா அங்கே பிடுங்கினார். உலகமே அந்த ஏற்றத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நண்பரும் அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். ஆனால் கடல் மட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைத்த பணம் அது, மலையில் தேடினால் முழுசாகக் கிடைக்குமா?

சரி, இந்தக் கழித்தல் கணக்கு அவ்வளவு எளிதல்ல என்று எனக்கும் தெரியும். பிரனீஸ் மலைத்தொடரில் லா பியேர் சான் மார்த்தான் ஏற்றத்தில் ஃப்ரூம் அவரை 1 நிமிடம் 4 விநாடி பின்தள்ளினார், அதுவும் அந்தக் கணக்கில் சேரும். ஸீலாந்தில் தோற்காமல் இருந்தால் இருவருமே வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள். ஆனாலும் மலையில் தோற்றதை "பலம் போதவில்லை" என்றும், காற்றில் தோற்றதை "துரதிர்ஷ்டம்" என்றும் ஆட்கள் பேசுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்று வருகிறது.

காற்றில் என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போகும்போது காலில் இருக்கும் பலத்தில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகும். முன்னால் ஒருவர் கிழித்துக்கொடுத்தால் பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு போல மிச்சம், பெரிய கூட்டத்தின் நடுவே என்றால் இன்னும் அதிகம். அதனால்தான் பெலோட்டான் என்கிற பெருங்கூட்டத்தை விட்டு யாரும் சுலபத்தில் பிரிவதில்லை. எதிர்காற்று அடித்தால் இன்னும் மோசம், எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு மெதுவாக ஊர்வார்கள், தூக்கம் வரும் என்று நண்பர் சொல்வது அன்றைக்கு நியாயம்தான்.

பக்கக்காற்று வந்தால் விதியே மாறிவிடும். வலப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று வையுங்கள், முன்னால் போகிறவர் தரும் காற்று மறைப்பு, அந்த நிழல், எங்கே விழும்? நேர் பின்னால் விழாது, இடப்பக்கமாகச் சாய்ந்து விழும். ஆகவே முதலாள் சாலையின் வலது ஓரத்தில், அடுத்தவர் அவருக்குச் சற்று இடதுபுறம் பின்னால், அவருக்கு அடுத்தவர் இன்னும் இடதுபுறம், இப்படியே சாய்வாகச் சாலையின் இடது விளிம்பு வரை. மேலிருந்து ஹெலிகாப்டர் காட்டும்போது விரித்த விசிறி மாதிரி இருக்கும். டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பேரும் விசிறிதான், வாயர் என்பார்கள். ஸ்பானியர்களும் தங்கள் மொழியில் விசிறி என்றுதான் சொல்கிறார்கள். முன்னால் இழுத்தவர் காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னுக்கு வருவார், சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், சாலைக்கு அகலம் இவ்வளவுதான். பத்துப் பதினைந்து பேர் விசிறியில் நின்றதும் விளிம்பு வந்துவிடும். பதினாறாவது ஆளுக்குச் சாய்ந்து நிற்க இடமில்லை, அவர் விளிம்பிலேயே நேர்க்கோட்டில் தொங்க வேண்டும், காற்று முழுசாக அவர் மேல் விழும். பதினேழு, பதினெட்டு, எல்லோருக்கும் அதே கதிதான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஆட்டம் முழுவதையும் போர்தூர் என்கிறார்கள், விளிம்பு என்று அர்த்தம், மாட்டிக்கொண்டவன் பக்கத்திலிருந்து வைத்த பேர் போலிருக்கிறது. அந்த வரிசையில் ஒருவர், ஒரே ஒருவர், முன் சக்கரத்திலிருந்து இரண்டு மீட்டர் விட்டால் போதும். அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரின் பந்தயமும் அங்கே முடிந்தது. விவரமாக அடுத்தடுத்த விசிறிகளாகப் பிரிந்து கொண்டவர்களுக்குத்தான் கொஞ்சமாவது மிஞ்சும்.

இதில் கெட்டிக்காரத்தனமான கொடுமை ஒன்று உண்டு. முன்னால் இருக்கும் அணி சாலை முழுவதையும் பயன்படுத்தாது. தன் ஆட்கள் ஆறு பேர் என்றால் ஆறு பேருக்கு இடம் போதும் என்று முதலாளே சாலையின் நடுவிலிருந்து விசிறியைத் தொடங்குவார். ஏழாவது ஆளாக ஒட்டிக்கொள்ள வந்தவருக்குப் புல்தரைதான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? காற்று எந்தத் திசை என்று காலையிலேயே எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரைத் தாண்டியதும் வீடுகள் முடிகின்றன, எந்தத் திருப்பத்தில் எதிர்காற்று பக்கக்காற்றாக மாறுகிறது, எந்த வேலி எத்தனை மீட்டருக்கு மறைக்கும் என்று அணிகள் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கும். முன்கூட்டியே ஒரு கார் போய்ப் பார்த்துச் சொல்லும். கடலிலிருந்து மீட்ட நிலத்தில் சாலைகள் அளந்து போட்டவை, கட்டம் கட்டமாக, ஒவ்வொரு திருப்பமும் செங்கோணம். ஒரே திருப்பத்தில் ஆட்டம் தலைகீழாகும். நாமும் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று வரும் திசையை வைத்துத்தானே காற்றுக்குப் பேர் வைத்தோம்? எவ்வளவு வேகம் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

அப்படியானால் அந்தத் திருப்பத்துக்கு முன்னால் முதல் இருபது பேரில் ஒருவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. 180 பேருக்கும் அதே வேலை என்பதுதான் கஷ்டம். திருப்பத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்பிருந்தே தோளோடு தோள் இடித்துக்கொண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். 58 கிலோ எடையுள்ள கின்டானா தனியாக அங்கே போய் நிற்க முடியாது, அவருக்கு முன்னால் கதவு மாதிரி இரண்டு பெரிய உடம்புக்காரர்கள் வேண்டும். அப்படி ஆட்களை எடுத்துவருவதும் பந்தயத்தில் சேர்ந்ததுதானே.

அனுபவம் என்றால் என்னவென்று 2009இல் லா கிராந்த் மோத் நோக்கிப் போன நாளைப் பாருங்கள், பிரான்ஸின் தெற்குக் கரை, கமார்க் சதுப்பு நிலம். கொலம்பியா என்ற பேருள்ள அணி ஒரு திருப்பத்தில் மொத்தமாக முன்னால் வந்து அடித்தது. கோன்டாடோர் பின்னால் போனார், கோன்டாடோரின் அணியிலேயே இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் முன்னால் இருந்தார், 41 விநாடி வித்தியாசம். கொடுமை என்னவென்றால் கோன்டாடோரின் அணித் தோழர்கள் போபோவிச்சும் சுபெல்டியாவும் முன் கூட்டத்தில் இழுத்தார்கள், தங்கள் ஆளுக்கு எதிராகவே. (ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்துக் கதை இங்கே வேண்டாம், அது தனிப் பதிவு.)

ஆனால் காற்று எப்போதும் சதுரங்கம் என்று நான் சொல்லவரவில்லை. 2015 மார்ச் 29, கென்ட் வெவல்கெம் பந்தயம். பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரெஞ்சு எல்லையில், டி மூரன் என்று ஓர் இடம். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நிலம். 1620களில் கோபர்கர் என்பவர் காற்றாலைகளை வைத்துத் தண்ணீரை இறைத்துக் காயவைத்த சதுப்பு அது. காற்றே உண்டாக்கிய நிலத்தில் காற்றோடு மல்லுக்கட்டுவது ஒரு வேடிக்கைதான். சாலையோரம் வாய்க்கால்கள். அன்றைக்கு அங்கே அடித்தது பந்தயக் காற்று இல்லை, புயல். இரண்டு நாள் முன்பு இன்னொரு பந்தயத்தை ஜெயித்துவிட்டு வந்த கெரைன்ட் தாமஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், அடுத்த நொடி அவரும் சைக்கிளும் சாலையோரப் புல்லில் கிடந்தார்கள். யாரும் இடிக்கவில்லை, ஒரு வீச்சு, அவ்வளவுதான். கெர்ட் ஸ்டீக்மன்ஸ் வாய்க்காலுக்குள்ளேயே போய்விட்டார். மொத்தம் 39 பேர்தான் ஓட்டி முடித்தார்கள். 38 வயது லூகா பவோலினி கடைசியில் தனியாகப் பிரிந்து போய் ஜெயித்தார், தாமஸ் எழுந்துவந்து மூன்றாம் இடம் பிடித்தார்.

பார்க்க அபாரமாக இருந்தது. நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் அன்றே தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. பக்கக்காற்று ஆட்களைப் பிரிக்கலாம், தூக்கி எறியக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால், ஆட்கள் விழுவது ஓட்டத்தாலா காற்றாலா என்று பார்த்தால் போதும் என்பேன்.

இதைப் படித்துவிட்டு டச்சுக்காரர்களுக்குப் பைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அதே ஓஸ்டர்ஸ்கெல்ட் தடுப்பின் மேல் எதிர்காற்று சைக்கிள் போட்டி என்று ஒன்று நடத்துகிறார்கள், 2013இல் தொடங்கியது. கியர் இல்லாத சாதாரண வீட்டு சைக்கிள், எட்டரை கிலோமீட்டர், நேர் எதிரே காற்று. தேதி முன்கூட்டியே கிடையாது, புயல் வருகிறது என்று தெரிந்தால்தான் அறிவிப்பார்கள். காற்று நல்லபடியாக இருந்தால் போட்டி இல்லை!

கின்டானா கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். 2019 செப்டம்பர், ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தின் 17ஆம் நாள், அரான்டா டி துவேரோவிலிருந்து குவாடலஹாரா வரை 219.6 கிலோமீட்டர். கடற்கரை இல்லை, உள்நாட்டு மேட்டுச் சமவெளி, ஆனால் அதே மாதிரி மறைப்பில்லாத வெட்டவெளி. தொடக்கத்திலேயே காற்றில் கூட்டம் உடைந்தது. ஃபிலிப் ஜில்பெர் ஜெயித்தார், சராசரி வேகம் மணிக்கு 50.63 கிலோமீட்டர், அவ்வளவு தூரத்துக்கு அது நம்ப முடியாத வேகம். முன் கூட்டத்தில் பெரிய உடம்புக்காரர்களுக்கு நடுவே ஒரு சின்ன உருவம் தலையைக் குனிந்துகொண்டு போனது. கின்டானா! முதலிடத்தில் இருந்த ரோக்லிச்சிடமிருந்து ஒரே நாளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் திரும்ப எடுத்து, ஆறாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தார். கடைசி வரை அது நிலைக்கவில்லை, நாலாவதாகத்தான் முடித்தார்.

மலைக்காரர் கொலம்பியாவின் மேட்டு நிலத்தில் பிறந்தவர், காற்றைப் படிக்க நாலு வருடம் ஆனது என்று நான் சொன்னேன். அவருடைய அணி மாலைவரை இழுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான் என்றார் நண்பர். அந்த நாளை அவர் பார்க்கவே இல்லை, மறுநாள் காலை ஐந்து நிமிடச் சுருக்கத்தில் பார்த்துவிட்டுப் பேசுகிறார்.

மார்ச் கடைசியில் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதிப் பந்தயங்கள் வரிசையாக வரும். கடற்கரைப் பக்கம் போகும் நாளில் கொடிகள் சாலைக்குக் குறுக்கே பறந்தால் நான் சாயங்காலமே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன், போன் எடுக்க மாட்டேன். நண்பருக்கும் சொல்லிவிட்டேன், அன்றைக்கு சோபா எனக்கு.