தடுப்பூசி இழப்பீட்டு வழக்கு: சமரசத்தில் கையெழுத்துப் போடும் முன்

'அமெரிக்காவில் தடுப்பூசிக் கேஸில் பணம் கொடுத்துவிட்டார்கள், அப்போ ஊசிதான் காரணம்' என்று அடிக்கடி ஒரு ஃபார்வர்ட் சுற்றும். பணம் கொடுப்பது உண்மை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அதற்கென்றே நிதி இருக்கிறது. ஆனால் தரப்பட்ட இழப்பீடுகளில் சுமார் 60 சதவீதம், ஊசிதான் காரணம் என்று சுகாதாரத் துறை முடிவு செய்யாமலே பேசி முடித்தவை. சமரசம் ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. இந்தியாவிலும் அப்படித்தான். 'தப்பை ஒத்துக்கொண்டால்தான் கையெழுத்து' என்று பிடிவாதம் பிடித்தால் வாய்தாதான் மிஞ்சும்.

கொரோனா ஊசி மரணங்கள் தொடர்பான வழக்கில், கவனக்குறைவு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றுதான் 2022இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கோர்ட்டில் முதலில் எழும் கேள்வி, யார் மீது? தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பை ஆராயும் குழு இதற்குத் தனித்தனி வகை வைத்திருக்கிறது: மருந்தின் தன்மை, தரக் குறைபாடு, செலுத்தியதில் பிழை, ஊசிப் பதற்றம், தற்செயல் (ஊசிக்குச் சம்பந்தமில்லாத வேறு காரணம்). உதாரணமாக, தூளாக வரும் தட்டம்மை ஊசி மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். அதைத் தாண்டிப் போட்டிருந்தால் பொறுப்பு உற்பத்தியாளருடையதல்ல, போட்ட இடத்துடையது. 'தற்செயல்' என்று அறிக்கை வந்துவிட்டால் எதிர்த்தரப்பு பேசவே உட்காராது. அதனால் பேட்ச் நம்பர், ஊசி அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் உடனே வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி.

காசு கொடுத்துப் போட்ட ஊசி என்றால் நுகர்வோர் ஆணையம் உண்டு, கெடு 2 வருடம். எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அரசு மருத்துவமனை அதில் வராது. அரசு மீது சிவில் வழக்கு என்றால் முதலில் 2 மாத நோட்டீஸ்.

நோட்டீஸில் போடும் தொகைக்குப் பெரிய மதிப்பில்லை. 2020இல் கொரோனா ஊசிச் சோதனையில் சேர்ந்த சென்னைத் தன்னார்வலர் ஒருவர், தனக்குப் பாதிப்பு என்று 5 கோடி கேட்டார்; ஊசி நிறுவனம் பதிலுக்கு அவரிடமே 100 கோடி கேட்போம் என்றது. சமரச மேசையில் செல்லுபடியாவது பில்லும், சம்பள இழப்புக் கணக்கும், இனி ஆகப்போகும் பிசியோதெரபிச் செலவும்தான். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வரியில் கையெழுத்துப் போட்டபின் அடுத்த ஆபரேஷனுக்குக் கேட்க முடியாது. எதிர்காலச் செலவைத் தனியாக எழுத வையுங்கள். பணம் தரும் தேதி, தவறினால் வட்டி, இரண்டும் இருக்கட்டும். ஆஸ்பத்திரி சரி என்றாலும் அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால் செக் இழுபடும். ரகசிய ஷரத்து இருந்தால், வேறு டாக்டரிடம் விவரம் சொல்ல அது தடையில்லை என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. வழக்கு நடக்கும்போது கோர்ட் அனுமதி இல்லாமல் செய்த சமரசத்தைக் குழந்தை தரப்பில் பிறகு ரத்து செய்யக் கேட்கலாம் (சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 32, விதி 7). தொகையைப் பெரும்பாலும் 18 வயது வரை வங்கி டெபாசிட்டில் போடச் சொல்வார்கள். சிகிச்சைக்கு இடையில் எடுக்க வேண்டியதை அப்போதே உத்தரவில் வாங்கிவிடுங்கள்.

சமரசத்தை வெறும் ஒப்பந்தமாக விடாமல் டிக்ரியாக்குங்கள், அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணையாக்குங்கள். அப்போதுதான் பணம் வராவிட்டால், கோர்ட் மூலம் வசூலிக்கக் கேட்கும் நிறைவேற்று மனு போட முடியும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2005 முதல் சமரச மையம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும்.

கட்டிய கோர்ட் ஃபீஸையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அது வழக்கில் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 20 லட்சத்துக்கு 60,000 ரூபாய். கோர்ட்டுக்கு வெளியே இரு தரப்பும் தாங்களே பேசி முடித்தாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் சமரச மனுவிலேயே கேளுங்கள்.