கட்டபொம்மனுக்குப் பெயர் இல்லையா?

நம் பெண்கள் பள்ளி செட்டின் வெள்ளிவிழா மலர் விவகாரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நம் வாட்ஸ்ஆப் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள், மறுபடி விவரிக்கப் போவதில்லை. கடைசியில் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு, "நல்ல நேரத்தில் எதற்கு மனக்கசப்பு" என்று எழுதி, இனி அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டார்கள். சரி, பூட்டிக்கொள்ளுங்கள். என் பக்கம் திறந்துதான் இருக்கிறது.

மலர் கைக்கு வராதவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நடுப் பக்கத்தில் ஓர் ஆண்டு விழாப் படம் இருக்கிறது. மலரிலேயே பெரிய படம் அதுதான். தலைப்பாகை, இடுப்பில் அட்டைக் கத்தி, பாதி அழிந்த மீசையோடு ஒருத்தி கையை ஓங்கி நிற்கிறாள். கீழே எழுதியிருக்கிறார்கள்: "வீரபாண்டிய கட்டபொம்மனாக நம் மாணவி." நம் மாணவியாம்! பெயர் இல்லை. பின்பக்கப் பெயர்ப் பட்டியலிலும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அவள் பிளஸ் டூ எழுதவில்லையே. 2000 மார்ச்சில் தேர்வு எழுதியவர்கள்தான் நம் செட்" என்று பதில் வந்தது.

முகம் வேண்டும், பெயர் வேண்டாம். இதுதான் என் சண்டை.

அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெண்கள் பள்ளி என்பதால் ராஜா, மந்திரி, வெள்ளைக்காரத் தளபதி, தூக்குப் போடுகிறவன் எல்லாம் நாமேதான். தலைப்பாகை யாரோ ஒருத்தியின் அம்மா புடவை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை அதற்குள் அடங்காமல், கட்டபொம்மனின் பிடரியில் இரண்டு நீல ரிப்பன்கள் எட்டிப் பார்த்தன. மீசை கண் மையில் வரைந்தது. நான் ஈட்டி பிடித்து ஓரமாக நின்ற வீரன், எனக்கு வசனம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. விசாரணைக் காட்சியில் அவள் மீசையை முறுக்கினாள். முறுக்கிய பக்கம் அப்படியே விரலோடு வந்துவிட்டது. கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. இன்னொருத்தியாக இருந்திருந்தால் அழுதுகொண்டு உள்ளே ஓடியிருப்பாள். இவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அடங்கியதும் மிச்சமிருந்த ஒரு பக்க மீசையையும் முறுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தாள். கயத்தாற்றுத் தூக்குக் காட்சி வந்தபோது முன்வரிசை ஆசிரியைகள் கண்ணைத் துடைத்தார்கள். அதன்பிறகு வருகைப்பதிவேட்டைத் தவிர அவளை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. ஆசிரியைகளுக்குக்கூட அவள் கட்டபொம்மன்தான்.

கட்டபொம்மனுக்குத் தூக்குத் தண்டனை விதித்த மேஜர் பானர்மேனாக நடித்தவள் இன்று மலர்க் குழுவில் இருக்கிறாள். 1799ல் ஒரு முறை தூக்கில் போட்டது போதவில்லை போலும்.

இப்போது அந்த "2000 மார்ச்" விதிக்கு வருகிறேன். எங்காவது ஒரு கோடு போட வேண்டாமா என்று கேட்கிறீர்கள். போடுங்கள். ஆனால் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டபொம்மன் ஆறாம் வகுப்பில் நம்மோடு சேர்ந்தாள், பத்து வரை ஐந்து வருடம் நம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் நம் செட் இல்லை. பிளஸ் ஒன்னில் வேறு பள்ளியிலிருந்து வந்து, இரண்டே வருடம் இருந்தவர்கள் நம் செட். அவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நல்ல தோழிகள்தான். ஆனால் அந்த நாடகத்தைப் பார்த்தேயிராத ஒருவர், அதில் நடித்தவளைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று எனக்குப் பாடம் எடுக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தில் எத்தனை பிரிவுகள் இருந்தன, பிளஸ் ஒன்னில் எத்தனை ஆயின என்று யாராவது யோசித்தோமா? முதல் குரூப், கணக்குப்பதிவியல் குரூப், தொழிற்பிரிவு எல்லாவற்றையும் சேர்த்தாலும் பாதி வகுப்பறைகள்கூட நிரம்பவில்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் கணக்கில் தோற்றார்கள். சிலருக்குத் தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. சிலருக்கு மாப்பிள்ளை வந்துவிட்டான். பெண்ணின் திருமண வயது 18 என்று 1978லேயே சட்டம் வந்துவிட்டது. அது நம் வீதிகள் வரை வந்து சேரவில்லை. பெண்களை எட்டாவது வரையாவது படிக்க வைக்கட்டும் என்றுதான் 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமே கொண்டுவந்தார்கள். எட்டாவது தேறினால் 5,000 ரூபாய். எட்டாவதைத் தாண்டுவதே சாதனையாக இருந்த ஊரில் பத்து வரை வந்தவள் அவள். நாம் அவளுக்கு ஹால் டிக்கெட் கேட்கிறோம்.

1998ல் பத்தாம் வகுப்பு முடிவை மாலைப் பத்திரிகையில்தான் பார்த்தோம். தேறியவர்களின் எண்கள் மட்டும் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். தோற்றவர்களின் எண்கள் இருக்காது. தோற்றார் என்றுகூடப் போட மாட்டார்கள், சும்மா அடுத்த எண்ணுக்குத் தாவிவிடும். என் எண்ணுக்கு அடுத்தது அவளுடையது. என் எண்ணை அப்பா பேனாவால் வட்டமிட்டார். பக்கத்தில் அவள் எண் இல்லை. கணக்கில் மட்டும்தான் போயிற்று, அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். அக்டோபருக்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. பத்திரிகைக்காரனுக்கு இடமில்லை, அவனை விடுங்கள். வழவழத் தாளில் பக்கம் பக்கமாக வாழ்த்துச் செய்தி போட இடமிருந்த மலருக்கு அந்த எண் எப்படி விட்டுப்போயிற்று?

"அவளுக்கே சங்கடமாக இருக்கும், நாம் ஏன் கிளற வேண்டும்" என்று ஒரு தோழி தனியாக எழுதியிருந்தாள். இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். படிப்பு நின்றதை நினைக்கவே விரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாராவது கேட்டீர்களா? அவள் படத்தைப் பெரிதாகப் போடும்போது வராத சங்கடம், பெயரைப் போடும்போது மட்டும் எப்படி வந்தது? நான் கேட்டேன். அவள் நாத்தனார் மூலமாக எண் வாங்கிப் பேசினேன். முதலில் கணவர்தான் எடுத்தார். யார், என்ன, எந்த ஊர் என்ற விசாரணை முடிந்த பிறகே போன் கைமாறியது. என் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு. "ஈட்டிக்காரியா? அந்தப் படம் உன்னிடம் இருக்கிறதா? என் பெண்ணிடம் நான் கட்டபொம்மன் வேஷம் போட்டேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள்" என்றாள். சங்கடமாம்!

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்காகப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது என்றாள். அம்மையார் பெயரிலிருந்த அந்தத் திருமண உதவியைத்தான் 2022ல் உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். அரசாங்கத்துக்கே மனம் மாறிவிட்டது. நம் மலர்க் குழுவுக்கு மாறவில்லை.

அச்சுச் செலவு, பக்க எண்ணிக்கை என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு பெயர் ஒரு வரி.

முன்னுரையைப் படித்தீர்களா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரு பக்கம். "அவர் வழி வந்த மாணவிகள் நாம்" என்று முடிகிறது. மிகவும் நல்லது. அவர் பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்பது முன்னுரை எழுதியவருக்குத் தெரியுமா? வீட்டிலிருந்தே படித்து, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்து, 1912ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். நடுவில் நின்றவள் செட்டில் இல்லை என்ற உங்கள் விதியை அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தினால் அவர் பெயரையும் அடித்துவிட வேண்டியதுதான். முன்னுரைக்கு ஆகிறவர் பட்டியலுக்கு ஆக மாட்டார். வீட்டில் படிக்க வைக்க ஒரு தகப்பனார் அவருக்கு இருந்தார், கட்டபொம்மனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"உன் கட்டுரையை வெட்டிவிட்டார்கள், அந்தக் கோபத்தில் எழுதுகிறாய்" என்று சொல்வார்கள். ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். நான் எழுதியது பள்ளிக் கழிப்பறையைப் பற்றி. நூற்றுக்கணக்கான பெண்கள் படித்த இடத்தில் எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருந்தது? ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் நட்பின் பாதி அந்தக் கதவைப் பிடித்துத்தான் வளர்ந்தது. போகாமல் இருப்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். மாதவிடாய் நாட்களில் பாவாடையில் கறை பட்டுவிடுமோ என்று கடைசி மணி அடித்தும் பெஞ்சைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்! அப்போது பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்து, பையால் மறைத்து வீடுவரை கொண்டுபோய் விட்டவர்கள் எத்தனை பேர்! பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் 2011ல்தான் வந்தது. நமக்கு வாய்த்தது பழைய துணி. இதைத்தான் எழுதினேன். சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதினேன். "எதிர்மறையாக இருக்கிறது, வீட்டில் ஆண்களும் படிப்பார்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த இடத்தில் இப்போது என்ன வந்திருக்கிறது தெரியுமா? "பள்ளி எனும் நந்தவனம்" என்று ஒரு கவிதை. நாம் எல்லோரும் பூக்களாம். பரவாயில்லை, எனக்கு வருத்தமில்லை.

வருத்தமில்லை என்று சொன்னால் நம்புங்கள்.

ஆண்கள் படிப்பார்கள் என்ற பயம் மலர் முழுக்கத் தெரிகிறது. பெயர்ப் பட்டியலையே பாருங்கள். நம் பெயர், அடுத்து கணவர் பெயர், அடுத்து கணவரின் தொழில். நாம் என்ன செய்கிறோம் என்பதற்குப் பத்தியே இல்லை. தையல் கடை நடத்துகிறவள், தலைமைச் செவிலியர், வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவள் எல்லோரும் நம் செட்டில் இருக்கிறார்கள், பட்டியலில் இல்லை. கல்யாணமாகாதவளுக்கு இரண்டு சிறு கோடுகள். கணவனை இழந்தவளுக்கும் அதே சிறு கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இதே ஊர் ஆண்கள் பள்ளியின் அதே ஆண்டு மாணவர்களும் சந்திப்பு நடத்தினார்கள். அவர்கள் மலரில் மனைவியின் தொழில் இருக்கிறதா என்று வாங்கிப் பாருங்கள்.

அவர்களுக்கு நண்பர்களைத் தேடுவதும் சுலபம். பள்ளியில் இருந்த அதே பெயர், அதே இனிஷியல், பல பேருக்கு அதே வீடு. நமக்கு அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்துவிட்டது. ஊர் மாறிவிட்டது, சிலருக்குப் பெயரே மாறிவிட்டது. ஒருத்தியைக் கண்டுபிடிக்க அவள் நாத்தனார் வரை போக வேண்டியிருக்கிறது. இப்படித் தொலைகிறவர்களைச் சேர்த்துப் பிடிக்கத்தான் ஒரு மலர் போடுவார்கள் என்று நினைத்தேன். கையில் கிடைத்தவளையும் விட்டுவிட்டு, நந்தவனம் என்கிறீர்கள்.

குழுவில் உழைத்தவர்களின் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் இரவு கண் விழித்துப் பிழை திருத்தியிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் உழைத்துச் செய்த தவறும் தவறுதான். "ஊர் சிரிக்கும்படி வெளியே எழுதலாமா" என்று இன்று இரவே யாராவது கேட்பீர்கள். உள்ளே எழுதத்தான் இருந்தேன், பூட்டியது யார்?

அடுத்த மாதச் சந்திப்புக்கு அவளை நான் அழைத்திருக்கிறேன். மகளோடு வருகிறாள். நுழைவாயிலில் மேசை போட்டுப் பட்டியலைப் பார்த்து அடையாள அட்டை கொடுப்பீர்களாம். அவளுக்கும் ஓர் அட்டை எழுதி வையுங்கள். என்ன பெயர் எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் நடுப் பக்கத்தைப் பார்த்துக் கட்டபொம்மன் என்று எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். மலரின் மீதிப் பிரதிகளில் ஒரு துண்டுத் தாளில் பெயரை அச்சடித்து ஒட்டுங்கள். அவள் பெயரை மட்டுமல்ல, பத்தோடும் ஒன்பதோடும் நின்றவர்களில் சம்மதிக்கிறவர்கள் எல்லோருடைய பெயரையும். அச்சுக்கூலி, பசை, ஒட்டுகிற வேலை மூன்றும் என் பொறுப்பு.

இன்னொன்று. பட்டியலில் என் கணவரின் தொழிலைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள், அவர் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்தியையே எடுத்துவிட்டால் திருத்துகிற வேலையும் மிச்சம்.