பெட்டகத்தில் கிடக்கும் நூறு கியாத் நோட்டு

அரசியல்வாதிகள், ஊடகங்கள், படைத் தலைமை ஆகிய மூன்றின் மீதும் மக்கள் நம்பிக்கை இழந்ததற்குக் கைப்பேசிதான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு நடை வந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பீர்கள்.

எங்கள் அப்பத்தா கைப்பேசியைத் தொட்டதே இல்லை. ஆனால் சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்று ஆட்சியிலிருந்த பெரியவர்கள் சொன்னதும், பத்திரிகைகள் அதை அப்படியே அச்சடித்ததும் அவர் தலைமுறைக்கு நினைவிருந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று அந்தக் கோட்டை ஜப்பானியரிடம் சரணடைந்தது. அடுத்த மாதமே பர்மாவின் தலைநகர் ரங்கூனும் போனது. பர்மாவில் எங்கள் பக்கத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடியில் (கல்லாவருகே) உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலர் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பர்மாவில் மிச்சமிருந்ததை 1962இல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின் முடித்துவைத்தார். வங்கிகள் அரசுடைமையாகிப் போயின, கடைகள் போயின. 1964 மே மாதம் பர்மா நாணயமான கியாத்தில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் பெட்டகத்தில் ஒரு நூறு கியாத் நோட்டு இன்னும் கிடக்கிறது. மடிப்பில் துணிபோல நைந்து, அந்துருண்டை வாசனையோடு. அதை எறிய அப்பத்தா விட்டதே இல்லை.

அதற்காக, வாட்ஸப்பில் வருவதையெல்லாம் வேதவாக்காக நினைக்கும் என் மைத்துனரை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு வியாதி. அப்பத்தா கடைசிவரை நாளிதழில் மரண அறிவிப்பையும் தங்கம் விலையையும் மட்டும் படிப்பார். மீதித் தாள்களை முற்றத்தில் விரித்து மிளகாய் காயவைப்பார்.