டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து 2023இல் மலையகம் 200 நிகழ்வுகள் நடந்ததிலிருந்து, ஊருக்கு ஊர் ஆவணம் சேர்க்கும் குழுக்கள் கிளம்பியிருக்கின்றன. சந்தோஷம். ஆனால் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் முக்கால்வாசி துரைமார் படம், பங்களாப் படம், கொழுந்துக்கூடையோடு பெண்கள் நிற்கும் பழைய தபால் அட்டை. அதெல்லாம் லண்டனிலும் கொழும்பிலும் பல பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதற்குத்தான் இரண்டாவது பிரதி கிடையாது.

அந்தப் பெட்டிக்குள் ஏன் அவ்வளவு கடுதாசி என்று யோசித்திருக்கிறீர்களா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களைப் பிரஜாவுரிமைக்கு வெளியே தள்ளியது. அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம், பிரஜாவுரிமை கேட்பவர்கள் 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்கச் சொன்னது: கல்யாணம் ஆனவர்களுக்கு 7 வருடம், மற்றவர்களுக்கு 10 வருடம். சம்பளத் துண்டு, பள்ளிக்கூடச் சான்று, கடிதம் வந்த உறை என்று ஆண்டு போட்ட எதையும் எறிய முடியாத நிலை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, இன்னொரு கட்டுக் கடுதாசி சேர்ந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அசலை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்பத்தாட்சி, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதம் எல்லாம் நமக்கு ஆவணம். அந்த வீட்டுக்கு இன்றைக்கும் தேவைப்படும் காகிதம். காணி உறுதிக்கோ அடையாள அட்டைத் திருத்தத்துக்கோ நாளைக்கே கேட்பார்கள். "ஸ்கேன் பண்ணிட்டுத் தாறோம்" என்று போனவை திரும்பாத தோட்டங்களில் அடுத்த குழுவுக்குக் கதவே திறக்காது. வீட்டிலேயே, இஸ்தோப்பிலேயே (முன் விறாந்தையில்) உட்கார்ந்து படமெடுத்துவிட்டு அசலை அதே பெட்டியில் வைத்துவிட்டு வாருங்கள்.

படமெடுக்கப் போன் போதும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். பிளாஷ் வேண்டாம், மினுக்கத்தில் எழுத்து போய்விடும். போன் காகிதத்துக்கு நேர் மேலே, மட்டமாக இருக்கவேண்டும். சாய்ந்தால் ஒரு பக்க எழுத்து சிறுத்துவிடும். ஓரத்தில் ஓர் அடிமட்டம் வைத்தால் பிறகு அளவு தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள், வெறுமையாக இருந்தாலும் சரி. பெயர், கடன் கணக்கு, முத்திரை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொகியுமன்டாக அனுப்புங்கள். ஸ்கேனர் கிடைத்தால் எழுத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. ஏ4 தாள் ஒன்றை 300இல் வண்ணத்தில் டிஃப் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 25 எம்பி, 600இல் அதைப் போல நான்கு மடங்கு. ஹார்ட் டிஸ்க் வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.

தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், நம் ஆட்கள் கூப்பிடும் பெயர், டிவிசன், யாரிடமிருந்து, எந்தத் திகதியில் என்பதை அன்றைக்கே எழுதாவிட்டால் அந்தப் படம் ஊர் பேர் தெரியாத அனாதை.

ஆண்டு போடாத காகிதத்துக்கும் வழி இருக்கிறது. ஒட்டிய முத்திரையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இருந்தால் ஏறக்குறைய 1936 வரைக்கும் அச்சிட்டது, ஆறாம் ஜோர்ஜ் என்றால் 1952 வரைக்கும். ஸ்ரீலங்கா என்று அச்சிட்ட படிவம் 1972 மே மாதத்துக்கு முந்தியதாக இருக்காது. சந்தாத் துண்டில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் என்றிருந்தால் 1939க்குப் பிந்தியது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயர் 1950இல் வந்தது. கோயில் நோட்டீசில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். விகாரி என்றால் 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். அதோடு வருடம் சித்திரையில் தொடங்குவதால், "விகாரி வருடம் மாசி மாதம்" என்று காமன் கூத்துக்கு அடித்த நோட்டீஸ் 1960 பெப்ரவரி, மார்ச்சில் வரும். 1959 என்று பதிந்த பட்டியல்களை ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.

காகிதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அக்கறைதான். லெமினேட் பண்ணுவது முதல் குற்றம்: சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது, உள்ளே மாட்டிய ஈரமும் அங்கேயே இருக்கும். செலோ டேப் நாலு வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். ஸ்டேப்ளர் கம்பியும் ஜெம் கிளிப்பும் நம் மலை ஈரத்தில் துருப்பிடித்து ஓட்டை போடும். வளைத்து நிமிர்த்தி மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளைத்தாள் உறைக்குள் போடுங்கள். ஊதாப் பென்சிலால் எழுதிய கணக்குகளில் ஈரத் துணி படவே கூடாது, எழுத்து கரைந்து பரவிவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவை உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்.

பூஞ்சணம்தான் பெரிய எதிரி. காற்றில் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பிடிக்கத் தொடங்கும். பெட்டியைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கி, வெளிச்சுவரில் படாமல், அடுப்புப் புகை வராத பக்கமாக வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தோது. பதுளை, பண்டாரவளை பக்கம் கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட். ராமபாணப் பூச்சி இருந்தால் பொலித்தீனில் காற்றுப் போகாமல் கட்டி, ஐஸ்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு முழு நாள் கழித்துத்தான் கட்டை அவிழ்க்கவேண்டும். அவசரப்பட்டால் காகிதமே வியர்க்கும்.

தோட்ட ஆபிஸ் செக்ரோல் (தொழிலாளர் பெயர், வேலைநாள், சம்பளப் பதிவேடு) வேறு விசயம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் ஒரு கை மாறியது, 1992இல் கம்பனிகளுக்குப் போனபோது இன்னொரு கை. மிஞ்சியதைப் பார்க்க மனேஜரின் வாய்வார்த்தை போதாது, கம்பனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிளாக்கர் ஐயாவைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. தோட்டப் பள்ளிக்கூடச் சம்பவத்திரட்டு, மரண சகாய சங்கக் கணக்குக் கொப்பி, கூத்து வாத்தியாரின் பாட்டுக் கொப்பி இவற்றை யாரும் தேடுவதில்லை. என் கணக்கில் இவைதான் முதலில்.

இணையத்தில் போடுவதென்றால், தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்க்கும் நூலகம் நிறுவனத்திடம் பேசலாம். அசலைத் தாமாகவே கொடுக்க விரும்பும் குடும்பங்களுக்குக் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கே போட்டாலும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஈ.பி.எஃப். இலக்கத்தையும் மறைத்த பிரதியை மட்டும் போடுங்கள். முகநூலில் அப்படியே ஏற்றுவது அநியாயம்.

பாதி ஆவணம் இந்தப் பக்கம் இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும், இங்கிருந்து நாம் எழுதிய கடிதங்களும் தமிழ்நாட்டு நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் வீடுகளில் கிடக்கின்றன. அங்கே சொந்தம் இருப்பவர்கள் ஒரு வீடியோ கோல் எடுத்து, மாமா அத்தையிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கடித உறையையும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். தபால் முத்திரையின் திகதி உறையில்தான் இருக்கும்.