கடத்தல் மாவீரர்கள் கவனத்துக்கு

நேற்றுக் காலையிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஆளுக்கு ஆள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். விற்பனையில் இருக்கிற புத்தகங்களைப் படம் எடுத்து பிடிஎஃப்பாகச் சும்மா பரப்பும் குழுவின் அட்மின் எழுதியிருக்கிறார்: "அன்று பாரதியைக் கடத்தினார்கள், இன்று நாங்கள் கடத்துகிறோம்." கீழே வரிசையாக இதயங்கள்.

தடை வேறு, விலை வேறு. இதுகூடவா தெரியாது?

பாரதி 1904ல் இதே மதுரையில், சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்தவர். நாலே வருஷத்தில் புதுச்சேரிக்கு ஓட வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக்காரன் மண்ணில் அச்சான அவருடைய 'இந்தியா' பத்திரிகையை பிரிட்டிஷ் எல்லைக்குள் விடாமல் மறித்தார்கள். 1910ல் அது நின்றே போனது. லித்துவேனியாவில் இன்னும் மோசம். ஜார் அரசு 1904 வரை நாற்பது வருஷம் அந்த மொழியை லத்தீன் எழுத்தில் அச்சடிக்கவே விடவில்லை. பக்கத்துப் பிரஷ்யாவில் அச்சடித்து, ராத்திரியில் மூட்டை கட்டி, முதுகில் சுமந்து எல்லை தாண்டினார்கள். மாட்டியவர்களை சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். நம் அட்மினுக்கு இருக்கிற ஒரே ஆபத்து, டேட்டா தீர்ந்துபோவது.

மேலூர் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் ஒரு கதை உண்டு. 1928ல் பர்மா அரசு பாரதி பாடல்களைத் தடை செய்ய, சென்னை அரசும் பின்னாலேயே பறிமுதலில் இறங்கியது. பாட்டியின் அப்பா புத்தகத்தைத் துணியில் சுற்றி, குலுக்கையில் நெல்லுக்கு அடியில் புதைத்துவிட்டாராம். "நெல் அள்ளும்போது கையில தட்டும். தெரியாத மாதிரி நெல்ல மட்டும் அள்ளிக்கிட்டு வந்துருவேன்" என்பாள் பாட்டி. அப்போது அவளுக்கு எட்டு வயசு. அந்தப் புத்தகத்தை அவர் காசு கொடுத்து வாங்கியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏழை மாணவன் என்ன செய்வான்?" என்று கிளம்புவீர்கள். நத்தம் ரோட்டில் அவ்வளவு பெரிய நூலகம் திறந்து கிடக்கிறது. என்னிடம் கேட்டால் நானே சும்மா தருவேன். தந்தும் இருக்கிறேன், அங்கேதான் வினையே. "அச்சில் இல்லாத புத்தகம்?" சரி, அது நியாயம், அதை இன்னொரு நாள் பேசலாம். "சோவியத்தில் ரகசியப் பிரதி எடுத்தவர்கள் ராயல்டியா கொடுத்தார்கள்?" ஐயா, அவர்கள் கார்பன் தாள் வைத்து ராத்திரி முழுக்கத் தட்டச்சு செய்தார்கள், கதவு தட்டப்படுமோ என்ற பயத்தோடு. எழுதியவனுக்கு அங்கே வேறு வழி இல்லை. எனக்கு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் நூற்றுப் பத்துப் பிரதி இருக்கிறது.

ஆமாம், என் புத்தகமும் அந்தக் குழுவில் ஓடுகிறது. சொந்தக் காசில் முன்னூறு பிரதி போட்ட சிறுகதைத் தொகுப்பு. அதற்காகத்தான் கத்துகிறேன் என்பீர்கள். அதற்காகவும்தான், வைத்துக்கொள்ளுங்கள். எந்த சர்க்கார் ஐயா என்னைத் தடை செய்தது? தடை செய்திருந்தாலாவது நாலு பேர் தேடி வாங்கியிருப்பார்கள்.

அந்த பிடிஎஃப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்து, 'அன்புடன்', தமுக்கம் புத்தகத் திருவிழாவில் போட்ட தேதி. பெயரை மட்டும் ஒயிட்னர் வைத்து அழித்திருக்கிறார்கள். 47ஆம் பக்கத்தைப் படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு விரலும் விழுந்துவிட்டது. பச்சைக்கல் மோதிரம்.

அந்த மோதிரம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, "அடுத்த புத்தகம் எப்போ தம்பி?" என்று கேட்கிற கை அது. இந்த ஞாயிறும் வருவார்.